இடமும் நேரமும்: பழனி மலைப்பகுதியில் பாலூட்டும் தாயும் பொதுச் சமூகமும்

பொது இடத்திலும் பணியிடத்திலும் குழந்தைக்குப் பாலூட்டும் தாயைத் தமிழ்ச் சமூகம் எவ்வாறு நோக்குகிறது என்று வினவினால், மதிப்போடு நோக்குகிறது என்பதே பலரும் தரும் விடையாகும். அவ்விடை பொய்யன்று. ஆயினும் அம்மதிப்பு எவ்வடிவில் வெளிப்பட்டுள்ளது என்று ஆராய்ந்தால், பார்வையை விலக்கிக்கொள்வது, ஓரமாக இடம் ஒதுக்குவது, கதவு வைத்த அறை கட்டுவது என அனைத்தும் இடம் சார்ந்த ஏற்பாடுகளாகவே இருப்பதும், அவளுடைய வேலை நேரத்திலிருந்து குழந்தைக்கு உரிய பங்கைப் பிரித்துக் கொடுப்பதில் அதே சமூகம் தயங்கி நிற்பதும் தெரியவரும். இத்தயக்கத்தை ஆராய்வதற்குப் பழனி மலைத்தொடர் ஏற்ற களமாகும். அடிவாரத்தில் கைக்குழந்தைகளோடு மக்கள் திரளும் கோயில் நகரமும், 2,100 மீட்டர் உயரத்தில் சுற்றுலாவை நம்பி வாழும் கொடைக்கானலும், இரண்டுக்கும் இடைப்பட்ட கீழ்ப்பழனி மலைச் சரிவுகளில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, ஆடலூர் முதலிய காப்பி விளையும் ஊர்களும் ஒரே மாவட்டத்துக்குள் அமைந்திருப்பதால், பாலூட்டும் தாய் எதிர்கொள்ளும் மூன்று வேறுபட்ட சூழல்களை இங்கு அடுத்தடுத்துக் காண முடிகிறது.

முதலில், நேரம் என்பது இப்பொருளில் ஏன் இத்துணை முதன்மை பெறுகிறது என்பதை உடலியல் கொண்டு விளக்க வேண்டும். தாய்ப்பால் இரண்டு இயக்குநீர்களின் துணையால் குழந்தையைச் சேர்கிறது; அவற்றுள் புரோலாக்டின் பாலைச் சுரக்கச் செய்கிறது, ஆக்சிடோசின் சுரந்த பாலை வெளியே தள்ளுகிறது. குழந்தை சப்பும்போது இவ்விரண்டும் தூண்டப்படுகின்றன. மார்பில் பால் நெடுநேரம் தேங்கினாலோ அத்தேக்கமே சுரப்பைக் குறைப்பதற்கான குறிப்பாக மாறிவிடுகிறது. பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை வரை பால் குடிக்கும். எனவே தொடர்ந்து பல மணி நேரம் ஊட்டவோ பீய்ச்சவோ இயலாத தாய்க்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சலும் வலியும் காண்பதுண்டு, நாளடைவில் பாலும் வற்றும். அச்சமும் கூச்சமும் ஆக்சிடோசினின் வேலையைத் தடுக்கும் என்பதால், பார்ப்பவர் முகம் சுளிப்பது நாகரிகக் குறைவு என்ற அளவில் நின்றுவிடுவதில்லை, பால் இறங்குவதையே அது தடுக்க வல்லது. முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டும், அதாவது மருந்து தவிரத் தண்ணீர்கூட இன்றி, கொடுக்க வேண்டும் என்றும், பிற உணவோடு 2 ஆண்டுகளும் அதற்கு மேலும் தொடரலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது.

இந்த அளவுகோலைக் கொண்டு பார்க்கையில் தமிழகத்தின் நிலை சிந்திக்கத் தக்கதாக உள்ளது. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 99க்கும் மேற்பட்டவை மருத்துவமனைகளில் நடைபெறுகின்றன. ஆனால் 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் பெறுவோர் நாடு முழுவதற்கும் 100க்கு ஏறத்தாழ 64 ஆக இருக்க, தமிழ்நாட்டில் 55 அளவில்தான் இருந்தனர். பிரசவ அறை வரை தாயைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வதில் நாட்டுக்கே முன்னோடியான மாநிலம், அவள் வீடு திரும்பி, வேலைக்கும் திரும்பும் கட்டத்தில் பின்தங்குகிறது என்று இதற்குப் பொருள் கொள்வதே பொருத்தமாகும். பிறந்தவுடன் சேனை தொட்டுவைக்கும் பழக்கமும், வெயில் காலத்தில் தண்ணீர் புகட்டும் வழக்கமும் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுவதுண்டு; அவற்றையே முழுக் காரணமாக்கித் தாயின் அறியாமைமேல் பழியைச் சுமத்துவது நியாயமாகாது.

பழனியின் நிலையை இனிக் காணலாம். முதல் முடி இறக்கவும் காது குத்தவும் குழந்தைகளைக் கொண்டுவரும் தலம் என்பதால், இந்நகரில் கைக்குழந்தையோடு வரும் தாய்மார் கூட்டம் ஆண்டு முழுவதும் குறைவதில்லை. சரவணப் பொய்கையருகிலும், கிரிவீதி மண்டபங்களிலும், படிவழியின் நிழல்களிலும் தாய்மார் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு பாலூட்டுவதும், உடன் வந்தோர் அதைப் பொருட்படுத்தாமல் தம் பேச்சைத் தொடர்வதும் இங்கு இயல்பான நிகழ்ச்சி. கார்த்திகைப் பெண்டிர் அறுவர் பாலூட்டி வளர்த்ததால் கார்த்திகேயன் என்று பெயர் பெற்ற தெய்வத்தின் மலையடிவாரத்தில் இது வியப்புக்குரியதன்று. திருவிழாக் கூட்டத்தில் குழந்தை அழும்போது, முன்பின் அறியாத முதிய பெண்ணொருத்தி தாய்க்கு மறைவாகத் திரும்பி நின்றுகொள்வது இம்மண்ணின் பழைய நற்பண்புகளில் ஒன்று. அதற்கு அரசாணை எதுவும் தேவைப்படவில்லை.

ஆயினும் அந்த இயல்பு இரண்டு காரணங்களால் அண்மைக் காலத்தில் நெருக்கடிக்கு உள்ளாகியிருக்கிறது. ஒன்று உடை மாற்றம். சேலை முந்தானை தாய்க்குத் தன்னிடமே உள்ள திரையாகப் பயன்பட்டது. பயணத்துக்கும் வேலைக்கும் வசதியான சுடிதார் பரவிய பின்பு, அத்திரையைத் தனியே துணியாகக் கொண்டுவர வேண்டியதாயிற்று, அல்லது கதவுள்ள ஓர் இடத்தைத் தேட வேண்டியதாயிற்று. பழைய தலைமுறை கூச்சமின்றிப் பாலூட்டியது, புதிய தலைமுறை கூசுகிறது என்று குறை கூறுவோர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. மற்றொன்று கைப்பேசிக் கேமரா. விலகிச் சென்றுவிடும் பார்வையைப் பொறுத்துக்கொள்ளும் தாயால், பதிவாகிப் பலரிடம் பரவக்கூடிய படத்தைப் பொறுத்துக்கொள்ள இயலாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாலூட்டும் தாயை அவள் ஒப்புதலின்றிப் படமெடுப்பதைத் தனிக் குற்றமாக்கி 2022ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது இவ்வச்சத்தை முன்னிட்டே. சுற்றுலாப் பயணிகள் எங்கும் எதையும் படமெடுக்கும் கொடைக்கானல் ஏரிக்கரையில் இதன் தேவையை விளக்கவே வேண்டுவதில்லை.

இச்சூழலில்தான் 2015ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள், உலகத் தாய்ப்பால் வாரத்தை ஒட்டி, தமிழ்நாட்டின் பேருந்து நிலையங்களில் 352 பாலூட்டும் அறைகளை அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா திறந்துவைத்தார். அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகள், அதாவது மிகுதியாகச் சுரக்கும் தாயரிடமிருந்து பாலைக் கொடையாகப் பெற்றுப் பதப்படுத்திக் குறைமாதக் குழந்தைகளுக்கு அளிக்கும் நிலையங்கள், அதே காலத்தில் தொடங்கப்பட்டன. பேருந்து நிலையம் என்பது ஏழைப் பெண்ணின் பொது இடம் என்று அறிந்து எடுக்கப்பட்ட முடிவு அது. விமான நிலையத்திலும் வணிக வளாகத்திலும் தொடங்காமல் பேருந்து நிலையத்தில் தொடங்கியதற்காகவே அதை உயர்வாகப் போற்ற வேண்டும். பின்னர்ப் பல ஊர்களில் அவ்வறைகள் பூட்டிக் கிடப்பதாகவும், பொருள் போட்டுவைக்கும் இடமாக மாறிவிட்டதாகவும் செய்திகள் வந்தன. அறையைத் திறந்துவைக்கும் விழாவுக்கு ஆள் உண்டு, அன்றாடம் காலையில் அதைத் திறந்து கூட்டிப் பெருக்கும் பொறுப்பு இன்னாருடையது என்று வரையறுக்கப்படவில்லை என்பதே அதன் காரணம்.

அன்றியும் மலைப் பயணத்துக்கு அறை மட்டும் போதாது. பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு உள்ள 64 கிலோமீட்டர் மலைச்சாலையில் கொண்டை ஊசி வளைவுகளுக்கிடையே பேருந்து ஏறுகையில், குழந்தை பசித்து அழுவது வழியில்தான். அங்கே தாய்க்கு உதவக் கூடியவை சன்னலோர இருக்கையும், அருகில் அமர்ந்திருப்பவரின் நல்லியல்பும், தேவையானபோது வண்டியைச் சற்று நிறுத்தும் ஓட்டுநரின் மனமுமே ஆகும். பாலூட்டுவதற்கென்று ஒதுக்கிய அறையைத் தவிர வேறெங்கும் பாலூட்டலாகாது என்ற எண்ணம் பரவிவிடுமானால் அறைகளே தீங்காக முடியும். 2018ஆம் ஆண்டில் கொல்கத்தாவின் வணிக வளாகம் ஒன்றில் பாலூட்ட இடம் கேட்ட தாய் கழிவறைக்கு அனுப்பப்பட்டது நாடெங்கும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. எவரும் உணவு உண்ண விரும்பாத இடத்தில் குழந்தையை உண்ணச் சொல்வது அதன் பசியையே இழிவாகக் கருதுவதாகும்.

நீதிமன்றங்கள் இவ்விடயத்தில் சமூகத்தைவிடச் சற்று முன்னே நடந்துள்ளன. பழனி மலைத்தொடரின் மேற்கு எல்லைக்கு அப்பாலுள்ள கேரளத்தில், 2018ஆம் ஆண்டு ‘கிருஹலட்சுமி’ இதழ் பாலூட்டும் பெண்ணின் படத்தை அட்டையில் வெளியிட்டபோது, அது ஆபாசம் என்று தொடுக்கப்பட்ட வழக்கைக் கேரள உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. 2021இல் கர்நாடக உயர்நீதிமன்றம், பாலூட்டுதல் தாயிடமிருந்து பிரிக்க முடியாத உரிமை என்றும், அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் உறுப்பு அதைப் பாதுகாக்கிறது என்றும் தீர்ப்பளித்தது. 2025ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள், நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, பிரசன்னா பி. வராலே ஆகியோர் அடங்கிய உச்சநீதிமன்ற அமர்வு, பொதுக் கட்டடங்களில் பாலூட்டும் அறைகளும் குழந்தைக் காப்பகங்களும் அமைப்பது குறித்து ஒன்றிய அரசு 2024இல் அனுப்பிய அறிவுரையை மாநிலங்கள் செயற்படுத்த வேண்டும் என்றும், பொது இடத்திலும் பணியிடத்திலும் பாலூட்டுவதை இழிவாகக் கருதலாகாது என்றும் கூறியது.

கொடைக்கானல் நகரம் தோன்றிய வரலாறே நலவாழ்வைத் தேடியதன் வரலாறாகும். மதுரை வெப்பத்திலும் நோயிலும் தம்மவர் பலரை இழந்த அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் 1845இல் இங்கு வீடுகளை எழுப்பினர். இன்று அந்நகரின் தங்கும் விடுதிகளில் அறை துடைக்கும் பெண்கள், சாக்லேட்டும் தைலமும் விற்கும் கடைகளில் நிற்கும் பெண்கள், ஏரிக்கரையில் சோளம் சுட்டு விற்கும் பெண்கள் ஆகியோரில் இளந்தாயர் எத்தனையோ பேர். 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த மகப்பேற்று நலச் சட்டம் கடைகளைப் பொறுத்தவரை 10 பேரும் அதற்கு மேற்பட்டோரும் வேலை செய்யும் இடங்களுக்கே பொருந்தியது. மூவரும் நால்வரும் வேலை பார்க்கும் சிறு கடைகளுக்கு அச்சட்டம் எட்டவில்லை. கடைகளில் நாள் முழுவதும் நின்று வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டத்திருத்தம் செய்த மாநிலம் தமிழ்நாடு. அத்திருத்தத்துக்கு ஆள் எண்ணிக்கை தடையாக நிற்காதபோது, பாலூட்டும் இடைவேளைக்கு மட்டும் அது ஏன் தடையாக நிற்க வேண்டும் என்பது கேட்கத் தக்க வினாவாகும்.

இச்சொற்பொழிவின் நடுப்பொருள் கீழ்ப்பழனி மலையின் காப்பித் தோட்டங்களில் அமைந்திருக்கிறது. தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் உள்ள இப்பகுதியில், சில்வர் ஓக் முதலிய நிழல் மரங்களின் கீழ் காப்பியும், அம்மரங்களில் ஏற்றிவிட்ட மிளகும், இடையிடையே மலைவாழையும் ஆரஞ்சும் வளர்கின்றன. மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில் பழம் பறிப்பு நடக்கும்போது வேலை பெரும்பாலும் பெண்களுடையது. மலையூர்ப் பெண்களோடு அடிவார ஊர்களிலிருந்து விடியலில் ஜீப்பில் ஏறிவருவோரும் சேர்ந்துகொள்கின்றனர். சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையும், இடுப்பில் கட்டிய சாக்கும், தலையில் துண்டுமாகச் சரிவில் நிற்கும் தாய், குழந்தைக்குப் பாலூட்ட வேண்டுமெனில் சாக்கை அவிழ்த்து, கையிலுள்ள பிசின் போகக் கழுவி, தூளி கட்டிய மரத்தடிக்கு இறங்கிச் சென்று, மீண்டும் ஏறி வர வேண்டும். அட்டையும் பனியும் உள்ள இடத்தில் குழந்தையைக் கொண்டுவரத் தயங்குவோர் அதைப் பாட்டியிடமோ மூத்த பெண்பிள்ளையிடமோ விட்டுவருகின்றனர். பின்னது நேரும்போது, தம்பிக்கோ தங்கைக்கோ அக்கா தன் பள்ளி நாட்களைக் கொடுக்கிறாள்.

பறிப்புக் கூலி பல தோட்டங்களில் கிலோக் கணக்கில் தரப்படுகிறது. மாலையில் மூட்டையை எடைபோடும்போது, பால் கொடுக்கச் செலவிட்ட ஒவ்வொரு கால்மணியும் எடைக்குறைவாக வெளிப்படுகிறது. தோட்டக்காரர் எவரும் அவளைத் தடுப்பதில்லை, மேஸ்திரிகளில் பலர் இரக்கமுள்ளவர்களே, ஆயினும் இழப்பு முழுவதும் தாயினுடையதாகிறது. இங்குப் பொதுமக்களின் மனப்பான்மையில் குறை காண்பது கடினம். பாலூட்டும் பெண்ணைக் கண்டு முகம் சுளிப்பவர் மலைத்தோட்டத்தில் இலர். பால் கொடுக்கும் நேரம் அவள் சொந்த நேரம், அதற்குக் கூலி கேட்பது முறையாகாது என்ற கருத்தோ எல்லோரிடமும், பெரும்பாலும் அத்தாயிடமுமே, ஐயத்துக்கு இடமின்றி ஊன்றியிருக்கிறது. முகச்சுளிப்பைவிட வலிய தடை இதுவே.

இக்கருத்துக்கு எதிரான கொள்கை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே உலக அரங்கில் ஏற்கப்பட்டது. 1919ஆம் ஆண்டில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தன் மூன்றாவது உடன்படிக்கையில், பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்துக்குள்ளேயே நாளொன்றுக்கு இரு முறை அரைமணி நேரம் தரப்பட வேண்டும் என்று வரையறுத்தது. இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம், அதன் 11ஆம் பிரிவில், குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, ஓய்வு இடைவேளைக்குப் புறம்பாக இரண்டு பாலூட்டும் இடைவேளைகளை அளித்தது. அவ்விடைவேளைகளைக் காரணம் காட்டி, வழக்கமான நாட்கூலியில் பிடித்தம் செய்யலாகாது என்று 13ஆம் பிரிவு கூறியது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் மகப்பேற்று விடுப்பை 26 வாரமாக உயர்த்தி, 50 பேரும் அதற்கு மேற்பட்டோரும் பணிபுரியும் நிறுவனங்களில் காப்பகம் அமைக்கவும், தாய் அங்கு நாளொன்றுக்கு நான்கு முறை சென்றுவரவும் வகைசெய்தது. தமிழக அரசுப் பணியிலுள்ள பெண்களுக்கு மகப்பேற்று விடுப்பு 2021 முதல் 12 மாதங்களாகும். அமைப்புசாராப் பெண்களுக்கோ டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவித் திட்டம் உண்டு, விடுப்பு என்ற ஒன்று இல்லை.

தோட்டங்களுக்கு 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் காப்பகத்தை வலியுறுத்தியது. 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த அச்சட்டப்படி, 50 பெண் தொழிலாளரோ, அவர்தம் குழந்தைகள் 20 பேரோ இருக்கும் தோட்டங்களில் அது கட்டாயமாக இருந்தது. வால்பாறை போன்ற பெருந்தேயிலைத் தோட்டங்களை மனத்திற்கொண்டு பிறந்த ஏற்பாடு அது. இலங்கை மலையகத் தமிழர் பிள்ளைக்காம்பரா என்று வழங்கும் காப்பக முறையும் அத்தகைய பெருந்தோட்ட வாழ்வின் கூறே. கீழ்ப்பழனியின் நிலை வேறு. இந்தியக் காப்பி விவசாயிகளில் மிகப் பெரும்பாலோர் 10 ஹெக்டேருக்குக் குறைந்த நிலமுடையோர்; இம்மலையிலும் சிறு தோட்டங்களே மிகுதி. 5 ஹெக்டேருக்குக் குறைந்த நிலமாயின், அல்லது தொழிலாளர் 15 பேருக்குக் குறைவாயின், அச்சட்டத்தின் கண்ணுக்கு அது தோட்டமே ஆகவில்லை. பெண் ஒருத்தி ஒரே பருவத்தில் நான்கு தோட்டங்களில் மாறி மாறிப் பறிக்கும்போது, அவள் எந்தத் தோட்டத்தின் கணக்கிலும் 50ஆவது ஆளாக வருவதில்லை. அங்கன்வாடியும் இவ்விடைவெளியை முழுதாக அடைப்பதில்லை; முன்பருவக் கல்விக்கு 2 வயது நிரம்பிய குழந்தைகளே அங்கு வருகின்றனர், பால்குடி மாறாத குழந்தைக்கு இணை உணவு கிடைக்கும், பார்த்துக்கொள்ளும் கை கிடைக்காது.

மகப்பேற்று நலச் சட்டத்தின் 13ஆம் பிரிவிலிருந்த பாதுகாப்பும் கிலோக் கணக்குக் கூலியின் முன் வலுவிழந்தது. நாட்கூலி நிலையானதாயின் இடைவேளைக்கெனப் பிடித்தம் செய்ததைக் கண்டறியலாம்; எடைக்குக் கூலி என்னும்போது பிடித்தம் என்ற செயலே நிகழ்வதில்லை, குறைவாகப் பறித்தாள் என்ற கணக்கு மட்டும் எஞ்சுகிறது. சட்டத்தின் குறைபாடு என்பதைவிட, உழைப்பை எடையால் அளக்கும் முறையைச் சட்டம் இயற்றியவர்கள் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கவில்லை என்பதே சரியாகும். இத்தனைக்கும் அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு, மகப்பேற்று உதவித்தொகையைக் கணக்கிட, தாய் விடுப்பில் செல்வதற்கு முந்தைய 3 மாதங்களில் உழைத்த நாட்களின் சராசரிக் கூலியை அடிப்படையாகக் கொண்டது; எடைக்கூலிக்கும் பொருந்தக்கூடிய அக்கணக்கு பாலூட்டும் இடைவேளைக்கு விரிக்கப்படவில்லை.

மலையில் நிலவும் நம்பிக்கைகள் சிலவற்றையும் இங்குக் குறிக்க வேண்டும். மழையிலும் பனியிலும் நனைந்து வந்த தாய் உடனே பால் கொடுத்தால் குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்றும், வெயிலில் உழைத்து வந்தவளின் பால் சூட்டுப்பாலாக இருக்கும் என்றும் கருதி, முதற்பாலைப் பீய்ச்சிவிட்ட பின்பே ஊட்டும் வழக்கம் தமிழகத்தில் பரவலாக உள்ளது. தாய்ப்பால் எப்போதும் உடலின் வெப்பநிலையிலேயே இருப்பதால் இவ்வச்சத்துக்கு அடிப்படை இல்லை. எனினும் நனைந்த உடை மாற்றி, சற்று அமர்ந்து, உடல் தேறிய பின் பாலூட்டட்டும் என்ற பரிவும் அந்நம்பிக்கைக்குள் கலந்திருக்கிறது. மருத்துவப் பணியாளர் அச்சத்தைக் களையும்போது அப்பரிவைக் களைந்துவிடாமல் இருத்தல் நன்று. பீய்ச்சிய பாலை வீட்டில் வைத்துவிட்டு வரும் முறை மலைப்பெண்களிடம் மிகக் குறைவு. தூய பாத்திரத்தில் மூடிவைத்த பால் 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 4 மணி நேரம் வரை கெடாது. கீழ்ப்பழனியின் பறிப்புக் காலக் குளிரில் குளிர்பதனப் பெட்டியின்றியே இது கைகூடும் என்பதைக் கிராமச் சுகாதாரச் செவிலியர் எடுத்துச்சொன்னால், பாட்டி கிரைப் வாட்டரையோ பசும்பாலையோ நாட வேண்டியிராது.

காப்பகத்தைத் தனித் தோட்டத்தின் கடமையாக மட்டும் கருதுவதை விட்டு, பறிப்புப் பருவத்தில் ஊராட்சி அளவில் ஒன்றோ இரண்டோ இடங்களில், பெண்கள் ஜீப்பில் வந்து இறங்கும் சாலையோரத்திலும் எடைபோடும் களத்தருகிலும் அமைத்து, சிறு விவசாயிகள் பறித்த எடைக்கு ஏற்ப அதன் செலவில் பங்குகொள்வது இம்மலைக்குப் பொருந்தும் வழியாகத் தோன்றுகிறது. தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005இல் இயற்றப்பட்டபோது, பணியிடத்துக்கு 5 குழந்தைகள் வந்தாலே பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவளுக்கும் அதே கூலி தர வேண்டும் என்று விதித்தது. 50 என்னும் எண்ணைவிட 5 என்னும் எண்ணே மலைச்சரிவுக்கு ஏற்றது. கூலியைப் பொறுத்தவரை மகப்பேற்று நலச் சட்டத்தின் 5ஆம் பிரிவிலிருந்த சராசரிக் கணக்கைப் பாலூட்டும் இடைவேளைக்கும் விரிக்கலாம். காலை, மாலை என இரண்டு இடைவேளைகளுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் என்று கொண்டு, அப்பெண்ணின் முந்தைய நாட்களின் சராசரிப் பறிப்பில் அந்த ஒரு மணிக்கு உரிய கிலோவை, எடைச்சீட்டில் அவள் மூட்டையின் எடையோடு கூட்டி எழுதுவதற்குப் புதிய கருவியோ பெருநிதியோ வேண்டியதில்லை. தொழிலாளர் சங்கமும் விவசாயிகளும் தொழிலாளர் துறையும் ஒரு பருவத்துக்கு முன்பே அமர்ந்து பேசி, அதற்கான ஒரு கட்டத்தை எடைச்சீட்டில் அச்சிட்டால் போதும்.